இரண்டு தடவை பயணம் சொன்னவர்

கண்டியில் ஹாஜியார்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஊரெல்லாம் இரண்டு தடவை பயணம் சொல்லி, ஒரே தடவை மக்காவுக்குப் போய் வந்தவர் என்றால் அது கொழும்பு வீதிக் குடைக்கடை மர்சூக் ஹாஜியார் ஒருவர்தான். நடுவில் ஒரு புயல் வந்து விழுந்துவிட்டது. அந்தப் புயல் மட்டும் வராதிருந்தால் மனுஷன் செய்த பிழைக்கெல்லாம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு பளிச்சென்று போய் வந்திருப்பார், ஒரே ஒரு பெரிய பிழையை மட்டும் பெட்டியடியில் மடித்து வைத்தபடியே.

1938ஆம் ஆண்டு அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மனைவி இளவயதிலேயே மௌத்தாகிவிட்டாள். மகள்மார் இருவரும் கல்யாணம் கட்டி ஒருத்தி கம்பளையிலும் மற்றவள் மாத்தளையிலுமாக இருந்தார்கள். கட்டுக்கலை வீட்டில் அவரும் தங்கை சித்தி றலியாவும்தான். கண்டி மழைக்குக் குடைக்காரன் பட்டினி கிடக்க மாட்டான். கம்பி முறிந்தது, துணி கிழிந்தது, காற்றில் தலைகீழாகப் புரண்டது என்று குடைகள் வந்துகொண்டே இருக்கும். கொழும்பில் கப்பலை நிறுத்திவிட்டு ஒரு நாள் கண்டி பார்க்க ஏறிவரும் வெள்ளைக்காரத் துரைசானிமாருக்கென்று பூப்போட்ட வெயில் குடைகளும் கடை வாசலில் தொங்கும்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படுமுன் உறவு, அயல், தெரு எல்லாம் ஏறி இறங்கிப் பயணம் சொல்வதும் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்பதும் வழக்கம். அதற்கென்று ஒரு வாசகம் தயாராக இருக்கிறது: "தெரிஞ்சும் தெரியாமலும் நான் செஞ்ச பிழையெல்லாத்துக்கும் மாப்புத் தாங்க." கேட்கப்படுகிறவர், "மாப்பு, மாப்பு. எங்களுக்கும் துஆச் செய்ங்க" என்பார். ஒரு தேத்தண்ணியோடு விஷயம் முடிந்துவிடும். என்ன பிழை, எப்போது செய்தது என்று கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. இதைவிடச் சௌகரியமான ஏற்பாட்டை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மர்சூக் அதைக் கெடுத்தார். நோன்புப் பெருநாள் முடிந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் லெப்பை பயான் பேசியபோது, ஹஜ்ஜில் அரபா வெளியில் நின்று கேட்டால் அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான், மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன்தான் மன்னிக்க வேண்டும் என்றார். வருஷா வருஷம் கேட்கிற பேச்சுத்தான். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்கள். மர்சூக் மட்டும் பகல் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். என்ன பிழை என்றே தெரியாமல் ஒருவன் எதை மன்னிப்பான்? விவரமாகச் சொல்லிவிட்டால்தான் என்ன? சொன்ன கையோடு கப்பல் ஏறப் போகிறோம். திரும்பி வர நாலு மாதம் ஆகும். அதற்குள் கேட்டவன் ஆறிப்போவான். இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு மனுஷன் துணிந்து இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கலஹாவிலிருந்து பஸ்ஸில் டவுனுக்கு வந்த கறுப்பையா கங்காணியைப் பிடித்துக் கடைக்குள் உட்காரவைத்தார். தேயிலைத் தோட்டத்தில் கங்காணி என்றால் குடை இல்லாமல் பார்க்க முடியாது. கறுப்பையாவின் குடைக்கு வெள்ளிப் பூண் போட்ட பிரம்புக் கைப்பிடி ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் பழுது பார்க்கக் கொடுத்தபோது, அது வெடித்துப்போயிற்று என்று சொல்லி வேறு பிடி போட்டுக் கொடுத்தார் மர்சூக்.

"அது வெடிக்கல்ல கங்காணியாரே. கண்ணுக்கு வடிவா ஈந்திச்சு. ஆசப்பட்டு எடுத்துக்கிட்டேன். மாப்புத் தாங்க."

கங்காணி மீசையைத் தடவினார். தூரதேசம் சாமி கும்பிடப் போகிறவர் வாய்விட்டுக் கேட்கிறார், என்ன செய்வது? "சரிங்க நானா, மன்னிச்சிட்டேன். போயிட்டு நல்லபடியா வாங்க" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லி எழுந்து போனார்.

புறப்படுவதற்கு முதல் நாள் எதிர்க்கடை நளீரிடம் போனார். நளீர் பித்தளைச் சாமானும் இரத்தினக் கல்லும் விற்கிறவர். கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களை யார் முதலில் கடைக்குள் இழுப்பது என்பதில் இருவருக்கும் பத்து வருஷப் பகை.

"ஒங்கட கடைய விசாரிச்சு வாற வெள்ளக்காரங்ககிட்ட நான் ஒரு பொய் சென்னேன் நளீர்."

"என்ன பொய்?"

"கடை மூடியாச்சு, மொதலாளி மௌத்துன்னு."

நளீர் வாயைத் திறந்தபடி நின்றார். "எத்தின தரம்?"

"அது கணக்கில்ல. ஆறு வருஷமா நடக்குது."

ஆறு வருஷமாகத் தெருவின் அந்தப் பக்கத்தில் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் யாருக்குத்தான் முகம் சிவக்காது? ஆனாலும் ஹஜ்ஜுக்குப் போகிறவர் கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராது. "மாப்பு" என்றார் நளீர். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் மாப்பு மாப்புத்தான். மர்சூக்குக்கு உடம்பு பஞ்சாகிவிட்டது.

அன்று மாலை வீட்டில் றலியா அவர் ஹஜ்ஜில் உடுக்கவேண்டிய வெள்ளை இஹ்ராம் துணியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கதவோரம் நின்று தொண்டையைச் செருமினார். ஊருக்கெல்லாம் விவரமாகச் சொன்ன வாய் அங்கே வந்து பழைய வாசகத்துக்குள் புகுந்துகொண்டது.

"றலியா, தெரிஞ்சும் தெரியாமலும் நான் செஞ்ச பிழைக்கெல்லாம் மாப்புத் தா."

"மாப்பு நானா. மருந்தெண்ணை போத்தல் வெச்சீங்களா?"

அவ்வளவுதான். அவள் என்ன பிழை என்று கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

சொல்லாமல் விட்டது இதுதான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன், மனைவி மௌத்தாகி நாற்பதாம் நாள் கழிந்த சமயம், மாத்தளையிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு றலியாவைக் கேட்டு அவருடைய மாமா வந்தார். வாத்தியாருக்கு ஸாலிஹ் மாஸ்டர் என்று பெயர். ஏற்கெனவே உம்மா கண்மூடுமுன் பேசி வைத்த இடம். றலியாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணத்துக்குத் தங்கக் காப்புக்கூடச் செய்தாகிவிட்டது. மர்சூக்கின் மடியில் தாயில்லாத இரண்டு பெண் குழந்தைகள். இவள் போய்விட்டால் இதுகளை யார் பார்ப்பது? அவர் வந்தவரிடம், "தங்கச்சிக்கு இஷ்டமில்ல" என்றார். தங்கையிடம் போய், "அவங்க வேறெடத்தில முடிச்சிட்டாங்க" என்றார். றலியா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு குழந்தைகளுக்குத் தலை வாரிவிட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் வந்த ஒன்றிரண்டு பேச்சும் தங்கவில்லை. அப்படியே வீட்டோடு நின்றுவிட்டாள்.

மறுநாள் காலை கண்டி ஸ்டேஷனில் சொந்தக்காரர் கூட்டம் கூடியது. எல்லாரும் ஸலவாத்து ஓதுகிற சத்தத்தோடு ரயில் புறப்பட்டது. பேராதனை தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. நல்ல சகுனம் என்று நினைத்தார் குடைக்காரர்.

கொழும்பில் அப்படியில்லை. துறைமுகக் கொடிமரத்தில் புயல் அடையாளம் ஏறியிருந்தது. கடல் சாம்பல் நிறத்தில் குமுறிக்கொண்டிருந்தது. கப்பல் ஏஜெண்டின் கந்தோர் வாசலில் சந்தைக் கூட்டம். வங்காள விரிகுடாவில் கிளம்பிய புயல் திருகோணமலைப் பக்கமாக வருகிறதாம். ரங்கூனிலிருந்து வந்து அவரை ஏற்றிப் போகவேண்டிய ஏடன் கப்பல் அதற்கு ஒதுங்கித் தெற்கே எங்கோ நிற்கிறதாம், கொழும்புக்கு வராமலே போய்விடுமாம். மர்சூக்குக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் அதே கதிதான். உல்லாசக் கப்பல் ஒன்று, கரையில் நிற்பது ஆபத்தென்று, கண்டி பார்க்கப் போன தன் பயணிகளில் முப்பது பேரை விட்டுவிட்டே நங்கூரம் தூக்கிவிட்டது. ஒரு துரை, ஆகாயக் கப்பலிலாவது மதராசுக்குப் போகிறேன் என்று ரத்மலானை விமானத் தளத்துக்கு ஓடினார். மதராசிலிருந்து வரவேண்டிய விமானமே புறப்படவில்லை என்று இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்து, நனைந்த தொப்பியோடு கிளார்க்கைத் திட்டினார்.

கிளார்க் மர்சூக்கின் சீட்டில் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தான். "அடுத்த கப்பல் இன்டையிலிருந்து பதினாறாம் நாள். அதுவும் கடல் அடங்கினாத்தான்."

மருதானையில் பயணிகள் தங்கும் முசாபிர் மண்டபத்தில் இரண்டு நாள் இருந்து பார்த்தார். கூரை ஒழுகியது. பாய் நனைந்தது. எல்லாரும் புயலைப் பற்றிப் பேசினார்கள். இந்தப் புயல் ஏன் வந்தது என்று மர்சூக்குக்குத் தெரிந்துவிட்டது. வங்காள விரிகுடா முழுவதும் எழும்பி வந்து ஒரு குடைக்காரனின் வழியை மறிப்பதென்றால் அது ரொம்பப் பெரிய மரியாதைதான். ஆனால் நெஞ்சில் முள் இருக்கிறவனுக்கு இடி இடித்தாலும் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போலத்தான் இருக்கும். ஒருத்தியிடம் பொய்யாய் வாங்கிய மாப்பை மடியில் கட்டிக்கொண்டு போகப் பார்த்தாய், போ திரும்பி. அவருக்கு அப்படித்தான் கேட்டது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் மண் சரிந்தால் பாதை அடைபடும் என்றார்கள். அதற்குள் கிடைத்த ரயிலில் ஏறிக் கண்டியில் இறங்கினார். முகத்தை மறைக்கிற மாதிரிக் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் நினைத்ததெல்லாம் யார் கண்ணிலும் படாமல் வீடு சேர்வதுதான். குடைக்காரனைக் குடையை வைத்தே அடையாளம் கண்டுபிடிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"யாரது?" என்று எதிர்க்கடையிலிருந்து நளீர் கூப்பிட்டார். "மௌத்தானவன் நான் இஞ்ச நிக்கிறேன். மக்காவுக்குப் போனவர் அங்க எங்க போறீங்க?"

"கப்பல் வரல்ல நளீர். புயல்."

"நல்ல புயல்! வாங்க, வாங்க. மாப்பு தந்தாச்சு, வாபஸ் எடுக்க ஏலா. ஆனா இனி வாற வெள்ளக்காரங்கள என்கிட்டக் கையப் புடிச்சுக் கூட்டி வாறது நீங்கதான். சரியா?"

அதற்குத் தகுந்தாற்போல் உல்லாசக் கப்பல் விட்டுவிட்டுப் போன முப்பது பேரும் ஏரிக்கரை ஹோட்டலில் அடைந்து கிடந்தார்கள். மறுநாள் காலை அவர்களில் நாலு பேர் குடை கேட்டுக் கடைக்கு வந்தார்கள். மர்சூக் குடையை விற்றார், பிறகு அவர்களை மழையோடு தெருவைத் தாண்டி அழைத்துப் போய், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "முதலாளி உயிரோடு இருக்கிறார், கடை திறந்திருக்கிறது" என்று அறிவித்தார். நளீர் சலாம் போட்டு வரவேற்றார். வெள்ளைக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கறுப்பையா கங்காணியும் வந்து சேர்ந்தார். புயற்காற்றில் அவருடைய குடை கிண்ணமாக மலர்ந்து, மர்சூக் போட்டுக் கொடுத்த அந்தப் பிடி கையோடு கழன்றுவிட்டதாம்.

"மன்னிச்சது மன்னிச்சதுதாங்க நானா. அதுல மாத்தமில்ல. நீங்க ஊர்லயே இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். அந்தக் கைப்பிடி எங்கங்க இருக்கு?"

மர்சூக் தன் சொந்தக் குடையை நீட்டினார். வெள்ளிப் பூண் மினுங்கியது. கங்காணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குடையோடு சேர்த்தே வாங்கிக்கொண்டு போனார். கண்டியில் குடையில்லாத ஒரே ஆள் அன்றைக்குக் குடைக்கடைக்காரர்தான். கடையில் தொங்கிய எதையும் எடுக்கக் கை வராமல், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்று பகல் புயல் தீவைத் தாண்டியது. கண்டிக்கு அதன் வால் மட்டும்தான் பட்டது. அந்த வாலுக்கே ஓடுகள் பறந்தன, அடுத்த வளவுப் பலாமரம் சாய்ந்தது. றலியா ஒழுகுகிற இடமெல்லாம் சட்டி வைத்துக்கொண்டிருந்தாள். மர்சூக் அவள் பின்னாலேயே இன்னொரு சட்டியோடு போனார். குசினியில் இரண்டு பேரும் ஒரே ஒழுக்குக்குக் கீழே குனிந்த நேரம் அவருக்கு வாய் திறந்துகொண்டது.

"றலியா, ஸாலிஹ் மாஸ்டர் வேறெடத்தில முடிக்கல்ல."

அவள் நிமிரவில்லை.

"அவர்ட மாமா வந்து கேட்டார். ஒனக்கு இஷ்டமில்லன்னு நான்தான் சென்னேன். புள்ளைகள யார் பாக்கிறன்னு பயந்திட்டேன். மாஸ்டர் இன்னம் ஒரு வருஷம் காத்திட்டு ஈந்தாராம். எனக்குத் தெரியும். அப்பவும் செல்லல்ல."

கூரையில் மழை இரைந்தது. றலியா சட்டியை நேராக வைத்தாள். நிறைந்த சட்டியை எடுத்துப் போய் வாசலில் ஊற்றிவிட்டு வந்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"அன்டைக்கி நான் தந்த மாப்பு இதுக்கில்ல" என்றாள்.

"அதுதான் இப்பக் கேக்கிறேன்."

"தர மாட்டேன்."

இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிரம்பைப் பறிகொடுத்தவனும் செத்துப் பிழைத்தவனும் மன்னித்துவிட்டார்கள். இவள் மன்னிக்காமல் மக்காவுக்குப் போய் என்ன, போகாமல் இருந்து என்ன? அவர் கதிரையில் உட்கார்ந்து, வயசான மனுஷன் என்றும் பார்க்காமல் அழுதார். றலியா அதைப் பார்த்துக்கொண்டு அடுப்புக்கு விறகு தள்ளினாள்.

மூன்று நாள் பேச்சில்லை. தேத்தண்ணி நேரத்துக்கு வந்தது, சோறு நேரத்துக்கு வந்தது. சத்தம் மட்டும் இல்லை. பாத்திரம் வைக்கிற ஓசையில்கூடக் கோபம் இல்லாததுதான் அவரை ரொம்ப வதைத்தது. நாலாம் நாள் வெயில் எறித்தது. ஏஜெண்டிடமிருந்து தந்தி வந்தது: அடுத்த கப்பல் உறுதி, புயலுக்குப் பயந்து பல பேர் பயணத்தை ரத்துச் செய்துவிட்டார்கள், இடம் நிறைய இருக்கிறது, தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லவும். மர்சூக் அதை வாசித்துவிட்டு மேசையில் போட்டார்.

"நான் போகல்ல றலியா. பணத்தத் திருப்பிக் கேட்டு எழுதப் போறேன்."

அவள் தந்தியை எடுத்துப் பார்த்தாள். வாசிக்கத் தெரிந்தவள்தான். மாஸ்டருக்குப் பேசியபோது அதுவும் ஒரு காரணம்.

"பொம்புள ஒருத்தி ஹஜ்ஜுக்குப் போறதென்டா யார் கூடப் போகணும்?"

"புருஷன், இல்லாட்டி வாப்பா. இல்லாட்டி…"

"இல்லாட்டி கூடப் பொறந்தவர்" என்று அவளே முடித்தாள். "ரெண்டு மாசமா பெட்டி கட்டுறீங்க. ஊர்ல எல்லாருக்கும் பயணம் சென்னீங்க. 'றலியா, நீயும் வாறியா?' என்டு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நிஜமாகவே அது மர்சூக்கின் புத்திக்கு எட்டியிருக்கவில்லை. பிரம்புக் கைப்பிடியைக் கேட்பதா, எடுத்துக்கொள்வதா என்று யோசிக்காத மனுஷர், தங்கையைக் கேட்பதா என்றும் யோசித்ததில்லை.

அவள் அலுமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புப் பட்டுத் துண்டை எடுத்து மேசையில் அவிழ்த்தாள். ஆறு காப்பு. உம்மா செய்வித்தது. ஒரு கீறல் இல்லை.

"இத வித்தாக் கப்பல் சீட்டுக்குக் காணுமா?"

"காணும்" என்றார் மர்சூக்.

அப்படித்தான் கட்டுக்கலையிலும் கொழும்பு வீதியிலும் இரண்டாம் தடவை பயணம் சொல்லும் படலம் நடந்தது. இந்தத் தடவை இரண்டு பேர். நளீர், "புதுசா ஏதும் ஈக்கா நானா? இல்ல, பழசேதானா?" என்று கேட்டு, தெருவே சிரிக்கும்படி தேத்தண்ணி கொடுத்தார். கறுப்பையா கங்காணி பிரம்புக் கைப்பிடியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே மறுபடி மன்னித்தார். றலியா எல்லா வீட்டிலும் பெண்களிடம் அந்தப் பழைய வாசகத்தையே சொன்னாள். கேட்டவர்கள் எல்லாம், நீ எங்களுக்கு என்ன பிழை செய்தாய் என்று அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

புறப்படுகிற காலையில் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. இரண்டு பெட்டிகளும் நடையில் இருந்தன. மர்சூக் செருப்பை மாட்டியபோது றலியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நானா, தெரிஞ்சும் தெரியாமலும் நான் ஒங்களுக்குச் செஞ்ச பிழைக்கெல்லாம் மாப்புத் தாங்க."

வழக்கம்தான். பயணம் போகிறவள் வீட்டுப் பெரியவரிடம் கேட்கத்தான் வேண்டும். உடனே சொல்லிவிடக்கூடிய ஒற்றை வார்த்தை. மர்சூக்குக்கு அது வரவில்லை. அவர் அந்த இருபத்தெட்டு வருஷத்தையும் ஒரு மூலையிலிருந்து துழாவினார். சீனி குறைந்த ஒரு தேத்தண்ணி, கருகின ஒரு ரொட்டி, காய்ச்சலில் கிடந்த இரவில் அவர் கூப்பிட்டு அவளுக்குக் கேட்காமல் போன ஒரு குரல், ஏதாவது ஒன்று அகப்பட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மன்னித்துவிடலாம் என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. வெட்கத்தில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மாப்பு" என்றார் கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு. "எனக்கு?"

றலியா காப்பில்லாத கையால் தன் பெட்டியைக் காட்டினாள்.

"ஒங்களுக்கு அரபாவில வெச்சுப் பாப்பம். அங்க போற வரைக்கும் இதத் தூக்குங்க."

மர்சூக் குனிந்து தங்கையின் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார். வெளியே வானம் வெளுத்திருந்தது. அவர் கையில் குடை இல்லை, அதைப் பற்றி அவருக்கு ஞாபகமும் இல்லை.